காற்சட்டைப் போராட்டத்தில் ஒரு முறைப்பாடு

பொலிசில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் இதை அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்துத்தான் வாசிப்பிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்தே தமிழில் எழுதுகிறேன். பரவாயில்லை. பிள்ளை பொலிசில் சேர்ந்திருக்கிறது என்று கோயிலில் பெருமையாகச் சொல்லித் திரிகிற அம்மாக்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. நான் பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துப் பொலிசில் சேர்ந்தபோது நம்மவர்கள் அதை ஒரு நோய் மாதிரித்தான் விசாரித்தார்கள். "பொலிசோ? வேற வேலை ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று பியர்பொன்ட்ஸ் பகுதியில் என் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கேட்டார். அதே மனிதர் இப்போது உங்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறார்.

அண்மையில் நீங்கள் சிலர் சேர்ந்து என்னைச் சாப்பிடக் கூப்பிட்டீர்கள். அன்றைக்கு ஒரு தங்கச்சி, தன்னைத் தன் நிலையத்தில் சங்கப் பிரதிநிதியாகத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு, "அங்கிள், பிழை செய்த பொலிஸ்காரனுக்குப் பக்கத்தில இருந்து அவனுக்காகக் கதைக்கிறது மனசுக்கு எப்பிடி ஒத்துக்கொள்ளும்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துக் கொத்துரொட்டி வந்தது. எல்லோரும் அதில் விழுந்துவிட்டோம். நானும் தப்பினேன் பிழைத்தேன் என்று சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில் இந்தக் கதைதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கத்தை விரும்புகிறவன், இன்றைக்கும். மேலதிகாரி ஒருவருக்கு என் முகம் பிடிக்கவில்லை என்பதற்காக என்னைத் தொடர்ந்து இரவு வேலையில் போட்டபோது, அதைக் கேட்கப் போனது சங்கம்தான். ஊருக்குள்ளே சங்கத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. பொலிஸ்காரன் என்ன செய்தாலும் போர்வை போட்டு மூடுகிற ஆட்கள் என்று. அந்தப் பெயரும் சும்மா வந்ததில்லை. நெடுங்காலம் நான் பிரதிநிதியாக இருந்திருக்கிறேன். இரண்டையும் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நகரசபைக்கும் சங்கத்துக்கும் ஓய்வூதியம் பற்றி இழுபறி நடந்த காலம் அது. பொலிஸ்காரர் வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. அதனால் சங்கம் வேறொரு வழி கண்டுபிடித்தது. மேலே சட்டை, இடுப்பில் துவக்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கும். காற்சட்டை மட்டும் கண்டபடி. சிவப்புக் கட்டம், ஊதாக் கோடு, பாவாடை மாதிரிப் பூப்போட்டது என்று ஆளுக்கு ஒரு கோலம். ஆனால் பெரும்பாலானவர்கள் விரும்பிப் போட்டது ஆமிக்காரர் போடுகிற பச்சைத் திட்டுக் காற்சட்டை. மலிவு, பொக்கற் அதிகம், பார்க்கவும் வீரமாக இருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

எனக்கும் ஒன்று தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதிரையில் போட்டேன். என் மனைவி ரெஜினா அதை இரண்டு விரலால் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டார். பிறகு, "உதைப் போட்டுக்கொண்டு இந்த வீட்டுப் படி ஏறாதேங்கோ" என்றார். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் சென்றிகளைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவர்கள். மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். எங்கள் பகுதியில் போருக்குத் தப்பி வந்த சனம் நிறைய இருக்கிறது, இந்தக் காற்சட்டையைக் கண்டால் அவர்கள் பயந்து ஒதுங்குவார்கள், வேறு எந்த நிறம் என்றாலும் போடுவோம் என்று. சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, நட்பான சிரிப்புத்தான். "அன்ரனுக்கு மட்டும் பூப்போட்டது குடுங்கோ" என்று தீர்மானம் நிறைவேறியது. நான் மஞ்சள் பூப்போட்ட காற்சட்டையோடு அந்தக் கோடை முழுவதும் திரிந்தேன். என் மகள் தன் சிநேகிதிகளிடம் என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

(இனி வருகிற பேச்சுகள் பலவும் பிரெஞ்சில் நடந்தவை. நான் நம் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர்கள் கோபிக்க மாட்டார்கள், வாசிக்கவும் மாட்டார்கள்.)

அந்தக் கோடையில் ஒரு பின்னேரம், சூசை அண்ணை ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெப்பனர் கடையில் பால் வாங்கிக்கொண்டு காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். மன்னார்க்காரர். எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குத்தான் வருவார், பூசை தொடங்க முன்பே கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்துவிடுகிற அமைதியான மனிதர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது அவருடைய வேலை. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'மெசியூ சூசூ', பிரெஞ்சில் 'செல்ல ஐயா' என்ற மாதிரி. அந்த வேலையில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு சந்தியில் முழுவதும் நிற்காமல் மெல்ல உருட்டிவிட்டார். எல்லோரும் செய்கிறதுதான். பின்னால் பொலிஸ் வெளிச்சம் அடித்தது. சூசை அண்ணை காரை ஓரம் கட்டினார். கண்ணாடியில் பார்த்தார். பச்சைத் திட்டுக் காற்சட்டை போட்ட ஒருவன் வண்டியை விட்டு இறங்குவது தெரிந்தது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த நாட்டில் பொலிஸ் மறித்தால் காருக்குள்ளேயே இருக்க வேண்டும், கையை ஸ்ரேறிங்கில் வைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அப்போது நேரெதிர். சென்றியைக் கண்டால் சைக்கிளோ வானோ எதிலே வந்தாலும் இறங்க வேண்டும். இறங்கி, ஐ.சி. என்ற அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆமிக்காரனை நோக்கி நடந்து போக வேண்டும். இறங்காமல் இருந்தால் அது திமிர். அந்தத் திமிருக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே வந்து எத்தனையோ வருடம் வண்டி ஓட்டிய சூசை அண்ணைக்கு இந்த நாட்டுச் சட்டம் தெரியாமல் இல்லை. நீல நிறத்தில் காற்சட்டை இருந்திருந்தால் அவர் காருக்குள்ளேயே இருந்திருப்பார். அந்தத் திட்டைக் கண்டதும் கால் தன்பாட்டில் இறங்கிவிட்டது.

கதவைச் சாத்திவிட்டு, சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டபடி, பொலிஸ்காரனை நோக்கி நடந்தார்.

அந்தப் பொலிஸ்காரன் மத்தியு. எங்கள் நிலையம், சேர்ந்து அதிக காலமில்லை. தனி ஆளாக வண்டியில் வந்தவன். காரை விட்டு இறங்கி, கையைப் பொக்கற்றுக்குள் விட்டபடி ஒருவன் உன்னை நோக்கி வந்தால் என்ன அர்த்தம் என்று பயிற்சியில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவன் கத்தினான். சூசை அண்ணை இன்னும் பணிவாக, இன்னும் கிட்ட வந்தார். மத்தியு பாய்ந்து அவரைத் தாரில் குப்புற விழுத்தினான். தோள்மூட்டு கழன்றது. விலங்கு போட்ட பிறகு கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தால், சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டை. பதற்றத்தில் லைசென்சுக்குப் பதிலாக அதை எடுத்திருக்கிறார்.

இதுவரை நடந்ததை ஒரு விபத்து என்றுகூடச் சொல்லலாம். பிழை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. அந்த அட்டையைக் கண்ட பிறகும் அவரை அப்படியே சுடுதாரில் படுக்க வைத்திருந்தான் மத்தியு. நிலையத்துக்கு வந்து, அந்த ஆள் தன்மேல் பாய்ந்ததாகவும் கட்டளைக்கு அடங்காமல் திமிறியதாகவும் அறிக்கை எழுதினான். சூசை அண்ணைமேல் பொலிசின் கடமைக்கு இடையூறு செய்ததாகக் குற்றச்சாட்டு விழுந்தது. பிள்ளைகளை ஏற்றுகிற வேலை என்றால் பொலிஸ் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். பஸ் நிறுவனம் வழக்கு முடியும்வரை அவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது. குற்றவாளி என்று தீர்ந்தால் பிறகு அந்த வேலையை அவர் மறக்க வேண்டியதுதான்.

அவருடைய குடும்பம், பொலிஸ்காரர்மேல் வருகிற முறைப்பாடுகளை விசாரிக்கும் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தது. இந்த மாகாணத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். முதல் படி சமரச அமர்வு. முறைப்பாடு கொடுத்தவரும் பொலிஸ்காரனும் ஒரே மேசையில் இருக்க வேண்டும். பொலிஸ்காரனுக்குப் பக்கத்தில் சங்கப் பிரதிநிதி இருப்பார். அதாவது நான்.

மத்தியு என்னிடம் வந்தான். கதவைச் சாத்தினான். நான் ஒன்றும் கேட்க முன்பே கொட்டிவிட்டான்.

"அந்த ஆள் பாயேல்ல, அன்ரன். நடந்துதான் வந்தவர். சிரிச்சுக்கொண்டு வந்தமாதிரியும் கிடந்தது. அதாலதான் எனக்கு இன்னும் பயம் வந்தது."

"பேந்து ஏன் அப்பிடி எழுதினனி?"

"பயந்தனான் எண்டு எப்பிடி எழுதிறது?"

அவன் என்னிடம் பிரதிநிதி என்ற நம்பிக்கையில் சொன்னது. அதை நான் வெளியே விட முடியாது. விட்டால் பிறகு எந்த அங்கத்தவரும் எந்தப் பிரதிநிதியிடமும் வாயே திறக்க மாட்டார். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உண்மை தெரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பதைப்போலப் பாரமான வேலை வேறில்லை.

அடுத்ததாகப் பெரியவர் கூப்பிட்டார். சங்கத் தலைமையகத்தில் முறைப்பாட்டு விஷயங்களை எல்லாம் கையில் வைத்திருந்தவர் அவர். பேரைச் சொல்ல மாட்டேன், நாங்கள் பெரியவர் என்றே சொல்லுவோம். ஆள் கெட்டிக்காரர். நகர மேயருக்கே நேரில் ஏசக்கூடிய ஆள். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. பகிடி என்னவென்றால், பகிடியே பிடிக்காத அந்த மனிதரும் அன்றைக்கு ஆமிக் காற்சட்டையோடுதான் மேசைக்குப் பின்னால் இருந்தார்.

"இது உன்ர ஆக்கள்தானே. நீ போய்க் கதை. அவர் முறைப்பாட்டை வாபஸ் வாங்கட்டும். மத்தியு சாட்சிக்குப் போகாட்டி வழக்கு தானா விழும். அவருக்கு பஸ், இவனுக்கு வேலை. எல்லாருக்கும் சந்தோஷம்" என்றார்.

"அவர் ஏன் இறங்கினவர் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும். அதாலதான் சொல்றன்" என்றார் பெரியவர். "நீ கூட்டத்தில எழும்பிச் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. காற்சட்டையால ஒரு கிழவன்ர தோள் போச்சுது எண்டு பேப்பரில வந்தா, பேச்சுவார்த்தை அண்டைக்கே முறிஞ்சுபோம். ஆயிரக்கணக்கான குடும்பத்தின்ர பென்சன், அன்ரன். ஒரு குடும்பத்துக்காக அதை விடுவியோ?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. இப்படியான இடத்தில் உங்களிடம் பொய் சொல்லுகிறவர்கள் குறைவு. எல்லோரும் உண்மையைத்தான் சொல்லுவார்கள், தங்களுக்குத் தோதான துண்டை மட்டும் வெட்டி எடுத்து. நாளைக்குச் சொல்கிறேன் என்று எழும்பி வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் மூக்குச் சிவக்கும் என்று ரெஜினா சொல்லுவார். என் நிறத்தில் அது எப்படித் தெரிகிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு நிச்சயமாகச் சிவந்திருக்கும்.

இது போதாதென்று, ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது சூசை அண்ணையின் மனைவி மேரி அக்கா என்னிடம் வந்தார். நம்மவர்களின் வழக்கம் தெரியும்தானே. எந்தப் பிணக்கு என்றாலும் கோயில் வாசலில் வைத்து முடித்துவிடுவோம். காணிப் பிணக்கு, கலியாணப் பிணக்கு, சீட்டுப் பிணக்கு எல்லாம் அங்கேதான் தீரும். பொலிஸ் முறைப்பாட்டையும் அப்படித் தீர்த்துவிடலாம் என்று அந்த மனுசி நம்பி வந்தது.

"தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாங்கள் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறம். அவையள் கேசை விடட்டும். இவர் காலமையில வெள்ளன எழும்பி யன்னலால பஸ் போறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். எனக்குப் பாக்கேலாமல் கிடக்கு."

பெரியவர் கேட்டதையே மேரி அக்காவும் கேட்டார். நான் 'ஓம்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும். சங்கத்தில் எனக்கு நல்ல பெயர், கோயிலில் எனக்கு நல்ல பெயர், மத்தியு தப்பினான், சூசை அண்ணையும் அநேகமாகத் தப்பினார். இதை விடச் சுகமான பாதை ஒருவனுக்குக் கிடைக்காது. உங்களுக்கும் கிடைக்கும், கிடைக்கும்போது அது எவ்வளவு நல்லதாகத் தெரியும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

"அக்கா, நான் இதில மற்றப் பக்கத்து ஆள்" என்றேன். "உங்களோட இதைப் பற்றி நான் கதைக்கவே கூடாது. உங்கட சட்டத்தரணியைக் கேக்காமல் ஒண்டையும் வாபஸ் வாங்காதேங்கோ. ஆர் சொன்னாலும், நான் சொன்னாலும்."

அவர் என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு சில வாரங்கள் கோயிலில் எங்கள் வாங்குக்கு முன்னும் பின்னும் ஒருவரும் இருக்கவில்லை. காலை நீட்டி வசதியாகப் பூசை கண்டோம் என்று பகிடி விட்டேன். ரெஜினா சிரிக்கவில்லை. உண்மையில் எனக்கும் வலித்தது.

அந்தப் பேரத்துக்கு நான் ஏன் உடன்படவில்லை? சூசை அண்ணைக்காக மட்டும் இல்லை. நான் மத்தியுவின் பிரதிநிதி, முதலில் அவனுக்காகத்தான் யோசித்தேன். அவன் எழுதியது பொய் என்று நான் சொல்லாமலே பெரியவர் ஊகித்துவிட்டார். இந்தப் பேரம் நடந்தால் அந்தப் பொய் சங்கத்தின் பெட்டிக்குள் போய்விடும். பிறகு அவன் வேலையில் இருக்கிற காலம் முழுவதும், ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு வாக்கெடுப்பிலும் பெரியவர் கைகாட்டுகிற பக்கம்தான் அவன் கை தூக்க வேண்டும். வேறு பொலிஸ்காரன் ஒருவன் பொய் எழுதுகிறதைக் கண்டாலும் இவன் வாய் திறக்க முடியாது. சங்கங்கள் கெட்டுப்போகிற வழி இதுதான். கெட்டவர்கள் வந்து கெடுப்பதில்லை. ஆளுக்காள் உதவி செய்து உதவி செய்தே ஒருவரும் அசைய முடியாமல் போய்விடுகிறது.

அடுத்த நாள் மத்தியுவை நிலையத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்துக்குக் கூட்டிப் போனேன். என் காருக்குள் ஏறி இருந்தேன். "நீ இப்ப பொலிஸ் இல்லை, சென்றியில நிக்கிற ஆமிக்காரன். அந்த உடுப்புச் சரியாத்தான் கிடக்கு. அங்க நில்லு" என்றேன். அவன் விளங்காமல் நின்றான். நான் காரை விட்டு இறங்கினேன். கதவை மெல்லச் சாத்தினேன். சட்டைப் பொக்கற்றுக்குள் கையை விட்டேன், முகத்தில் அந்தச் சிரிப்பைக் கொண்டுவந்தேன், அவனை நோக்கி நடந்தேன். பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் நடந்த நடை. உடம்பு மறக்கவே இல்லை. தோள் தன்பாட்டில் குனிந்தது.

மத்தியுவின் முகம் வெளிறிப்போனது.

"இப்பிடித்தான் வந்தவர். இப்பிடியேதான்."

"இறங்காமல் இருந்தா எங்கட ஊரில அடி விழும். அதுதான் இறங்கினவர். அந்தச் சிரிப்பு, நான் ஒண்டும் செய்ய மாட்டன், என்னை ஒண்டும் செய்யாதேங்கோ எண்ட சிரிப்பு."

அவன் தன் காற்சட்டையைக் குனிந்து பார்த்தான்.

"அப்ப அவர் எனக்கு மரியாதை செய்தவரோ?"

"ஓம்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அதைக் காணாதமாதிரி நின்றேன். பிறகு இரண்டு வழியையும் மறைக்காமல் சொன்னேன். பேரத்துக்குப் போனால் என்ன கிடைக்கும், பிறகு என்ன போகும். அறிக்கையைத் திருத்தினால் வழக்கு விழும், ஆனால் பொய் எழுதியதற்காக அவன்மேல் ஒழுக்காற்று விசாரணை வரும், தண்டனை வரும். சங்கம் தருகிற சட்டத்தரணி அவனுடைய சட்டத்தரணி, பெரியவருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்பதையும் சொன்னேன். பலருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பது சிலருக்கு வசதி.

"வேலையால நிப்பாட்டிப் போடுவினமோ?" என்று கேட்டான்.

"நிப்பாட்டப் பாப்பினம். அதை நடக்கவிடாமல் பாக்கிறது என்ர வேலை. நீ எழுதினதை உண்மையாக்கிறது என்ர வேலை இல்லை."

அந்தப் பிள்ளை கொத்துரொட்டிக்கு முன்னால் கேட்ட கேள்விக்கு, நான் கொடுக்கக்கூடிய பதில் இவ்வளவுதான். எது பிரதிநிதியின் வேலை, எது இல்லை என்பது அன்றைக்கு அந்தத் தார்த் தரையில் வைத்துத்தான் எனக்கே வசனமாக வந்தது. பெரியவரை ரெலிபோனில் கூப்பிட்டு, நான் கோயில் வாசலில் பேரம் பேசப் போவதில்லை என்று சொன்னேன். அவர் படாரென்று வைத்துவிட்டார்.

சமரச அமர்வுக்கு மத்தியு வந்தபோது நீலக் காற்சட்டை போட்டிருந்தான். சங்கத்தின் கட்டளையை அன்று நகரம் முழுவதிலும் மீறிய ஒரே பொலிஸ்காரன் அவனாகத்தான் இருப்பான். நான் வழக்கம்போல மஞ்சள் பூ. அமர்வை நடத்திய அம்மையார் என் காலைப் பார்த்தார், பிறகு நாகரிகமாகக் கூரையைப் பார்த்தார். மேசைக்கு அந்தப் பக்கம் சூசை அண்ணை, கை இன்னும் கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில். பக்கத்தில் மேரி அக்காவும் மொழிபெயர்க்க வந்த ஒரு பெண்ணும். நான் தமிழில் ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பது ஒழுங்கு. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மத்தியு எழுதி வந்த எதையும் எடுக்கவில்லை. நேரே அவரைப் பார்த்துச் சொன்னான். "நீங்க என்மேல பாயேல்ல. நடந்துதான் வந்தனீங்கள். எனக்குப் பயம் வந்திட்டுது. பேந்து பயந்தனான் எண்டு சொல்ல வெக்கமாயிருந்தது. அதால நீங்க பாய்ஞ்சதா எழுதிப்போட்டன். உங்களை அந்தத் தாரில கிடத்தி வச்சிருந்தது அதைவிடப் பிழை."

அந்தப் பெண் மொழிபெயர்த்து முடித்தார். சூசை அண்ணை தலையைச் சாய்த்து, தனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்ற மாதிரி அவரைப் பார்த்தார்.

"இவர் என்னைப் பாத்துப் பயந்தவர் எண்டோ சொல்றார்?"

"ஓம், ஐயா."

சூசை அண்ணை மத்தியுவைப் பார்த்தார். ஆறடிக்கு மேல் உயரம், கதவு அளவு தோள். "மன்னாரில இருந்து இஞ்ச வரைக்கும் உடுப்புப் போட்ட ஆக்களைக் கண்டா நான்தான் பயந்து வந்திருக்கிறன். என்னைக் கண்டு ஒருத்தர் பயப்பிடுவார் எண்டு நான் நினைச்சதே இல்லை" என்றார். பிறகு, "தம்பி, உங்களில எனக்குக் கோவம் இல்லை. ஆனா நான் பாய்ஞ்சனான் எண்டு எழுதினது அப்பிடியே கிடக்கக் கூடாது. அதை மாத்தித் தாங்கோ. என்னட்ட வாற பிள்ளையளின்ர தாய் தேப்பன் என்ன நினைக்குங்கள்?" என்றார். மேரி அக்கா கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டார். நான் குனிந்து என் காற்சட்டையின் மஞ்சள் பூக்களை எண்ணினேன். நல்லவேளை, பேசுவதற்குத் தடை இருந்தது.

மத்தியு அறிக்கையைத் திருத்தி அரச வழக்கறிஞருக்கு அனுப்பினான். குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள். தோள் சுகமானதும் சூசை அண்ணை பஸ்சுக்குத் திரும்பினார். பிள்ளைகள் 'மெசியூ சூசூ' என்று ஒரு பதாகை எழுதி பஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். மேரி அக்கா அந்த ஞாயிறு எங்கள் வாங்கில் வந்து, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு என் வசதியான பூசையும் முடிந்தது.

மத்தியுவின் பாடு அவ்வளவு இலகுவாகப் போகவில்லை. நிர்வாகம் அவனை வேலையிலிருந்தே நீக்கப் பார்த்தது. பொய் எழுதினான் என்பது ஒரு காரணம். காற்சட்டைக் கோபத்துக்கு ஒரு சங்க ஆளின் தலை தேவைப்பட்டது இன்னொரு காரணம். அங்கேதான் நான் உண்மையிலேயே சண்டை பிடித்தேன். அவன் தானாக முன்வந்தான், தன் வாயால் சொன்னான், அதற்கு மதிப்பு இல்லாவிட்டால் இனி எந்தப் பொலிஸ்காரன் முன்வருவான் என்று கேட்டேன். சட்டத்தரணியும் விடவில்லை. கடைசியில் சம்பளமில்லாத நீண்ட பணிநிறுத்தத்தோடு முடிந்தது. அது நியாயமான தண்டனை. அவனும் அப்படித்தான் சொன்னான். சங்கம் இல்லாவிட்டால் அவனை முழுதாக விழுங்கியிருப்பார்கள். பொய்யை மூடியிருந்தால் சங்கமே அவனை விழுங்கியிருக்கும்.

அவன் திரும்பி வந்த நாட்களில் நிலையத்தில் சிலர் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னோடும்தான். ஆனால் ஒன்று கவனித்தேன். எங்கள் நிலையத்தில் ஆமிக் காற்சட்டைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒருவரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. ஊதாவும் கட்டமும் பூவும் கூடின. ஓய்வூதியப் பேச்சும் அதனால் கவிழ்ந்துவிடவில்லை. நான் இப்போது அந்த ஓய்வூதியத்தில்தான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பெரியவர் மட்டும் என்னை மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கூட்டங்களில் என் பக்கம் திரும்பவே மாட்டார். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு, ஒரு மத்தியானம் அவரிடமிருந்து ரெலிபோன் வந்தது. குரல் பழைய குரல் இல்லை. அவருடைய மகனும் பொலிஸ், நகரத்தின் வேறொரு நிலையத்தில். அவன் பிடித்த ஒருவருக்குக் காயம், முறைப்பாடு வந்திருக்கிறது, விசாரணை நடக்கப் போகிறது என்றார்.

"நீ அவனுக்குப் பக்கத்தில இருக்கோணும்" என்றார்.

"தலைமையகத்தில எத்தினை கெட்டிக்காரர் இருக்கினம். நான் என்னத்துக்கு?"

"அவையளை எனக்குத் தெரியும்" என்றார் பெரியவர். "நான்தானே பழக்கினனான்."

போனேன். வில்லரேயில் அவர்கள் வீட்டுச் சமையலறை. தகப்பன் யன்னல் பக்கம், மகன் மேசைக்கு எதிரில். பையன் தயாராக இருந்தான். எங்கே நின்றான், அந்த ஆள் எப்படிப் பாய்ந்தார், தான் எத்தனை முறை எச்சரித்தான் என்று ஒரு இடத்திலும் தடக்காமல் ஒப்புவித்தான். நான் கேட்டு முடித்துவிட்டு, "இது நீ எழுதினது. இப்ப நடந்ததைச் சொல்லு" என்றேன்.

அவன் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பெரியவர் யன்னல் திரையை இழுத்து மூடினார். பிறகு வந்து, மகனுக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.